ஓட்டாத மூன்று கிலோமீட்டர்

டணார்!

சாலைக்குக் குறுக்கே வரிசையாக வைத்திருந்த பால் கேன்களில் நடுவில் இருந்தது உருண்டு பள்ளத்தில் போய் நின்றது. சைக்கிள் ஒரு பக்கம், ஓட்டி வந்தவன் ஒரு பக்கம்... மழை மட்டும் எதுவும் நடக்காததுபோல் பெய்துகொண்டிருந்தது.

அவள் பால் நிலையத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். சேற்றில் உட்கார்ந்திருந்தவனின் கண்கள்தான் முதலில் தெரிந்தன. மற்றதெல்லாம் சேறு.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"கண்ணு தெரியுதுங்க. கண்ணாடிதான் மழையில தெரியல. ஆமா... நடு ரோட்டுல கேன் வெச்சது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. என் முட்டிக்கு நேரா அளவெடுத்த மாதிரி வெச்சிருக்கீங்க. அதான் பாராட்டலாம்னு..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சட்டென்று விழுங்கிக்கொண்டாள். எட்டு மாதமாகச் சிரிக்காத வாய். பழக்கம் விட்டுப் போயிருந்தது.

வளைந்த ஹேண்டில், தடித்த டயர். சரளைக்கல் பாதைகளில் மலை மலையாகச் சுற்றுவார்களே, அந்த வகை சைக்கிள். அதைப் பார்த்ததும் அவள் முகம் மறுபடியும் இறுகியது.

"கேனைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதீங்க. பழைய கல் குவாரியில போய் முடியுது. பாதி வழி எப்பவோ சரிஞ்சு விழுந்தாச்சு. எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போய் நல்ல ரூட்டுன்னு இன்டர்நெட்ல போட்டு வெச்சிருக்கான். அதை நம்பிப் போய்த்தான் எங்க அண்ணன்..."

அண்ணன் ஊன்றுகோலோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. அவனுடைய வலது கால் இனி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சைக்கிள்காரனின் முகம் வெளுத்துப்போனது. குளிர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, எதையோ சொல்ல வாயெடுத்தான்... பிறகு டீயைக் குடித்தான்.

பாலில் ஒரு கரண்டித் தண்ணீர் கலந்தாலும் கண்டுபிடிப்பது அவள் வேலை. வரிசையில் நிற்பவர் முழிக்கிற முழியை வைத்தே சொல்லிவிடுவாள் என்று பேர். அப்பேர்ப்பட்டவளுக்கு, இவன் எதையோ மறைக்கிறான் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும்.

"இன்னிக்கு என்ன சாக்கு?"

"பிரேக் சரியில்ல."

"போன வாரம் செயின். அதுக்கு முந்தின வாரம் டயர். சைக்கிளா அது, இல்ல நோயாளியா?"

"டீ நல்லாயிருக்குங்க... அதான்."

குவாரிக்குப் போகாமல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை இருக்கிறதா என்று தேடித் தேடி ஓட்டினான். முழங்கையெல்லாம் முள் கீறலோடு திரும்பி வருவான். அவள் பஞ்சும் மருந்தும் எடுத்துவைத்துக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஞாயிறு என்றால் தலையை இரண்டு முறை வாரினாள். வீட்டில் சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா எழுந்து போய்விடுவாள்... தெரிந்தும் வாரினாள்.

ஏழாவது ஞாயிறு அவன் டீயைத் தொடவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூட்டைப் போட்டவன்... நான்தான்."

வெளியே மழை வலுத்தது.

"அன்னிக்கு எனக்கு பஞ்சர். மழை வேற. கடைசி மூணு கிலோமீட்டரை ஓட்டவே இல்ல. வீட்டுல உக்காந்து, மேலேருந்து எடுத்த படத்தைப் பாத்து விரலால கோடு போட்டுட்டேன். படத்துல பாதை மாதிரிதான் தெரிஞ்சுது. இங்க ஒருத்தர் விழுந்துட்டார்னு ரொம்ப நாள் கழிச்சு யாரோ பேர் போடாம எழுதினாங்க. உடனே ரூட்டை எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள பல பேர் அதை போன்ல ஏத்தி வெச்சுக்கிட்டாங்க. விழுந்தவரைத் தேடிச் சொல்லத்தான் முதல் நாளே வந்தேன்..."

"ஏழு வாரம்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஏழு வாரமா என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்க. காயத்துக்கு மருந்து போட்டேன். ஒரு தடவைகூட வாய் வரலையா?"

"சொன்னா... அப்புறம் உங்களைப் பாக்க முடியாதேன்னு..."

"போயிடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

போய்விட்டான். அன்று இரண்டு பேர் பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார்கள். இரண்டையும் நல்ல பால் என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிறு... இரண்டு... ஐந்து. மழை விட்டபாடில்லை. அவள் தினமும் கேன்களைச் சாலைக்குக் குறுக்கே வைத்தாள். யாரும் வந்து மோதவில்லை. கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கூடவே ஏக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு தூங்க முடியாமல் தவித்தாள்.

"என்ன பாப்பா, ஞாயித்துக்கிழமை ஆனா மூஞ்சி செத்துப்போகுது?" என்றான் அண்ணன்.

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் போனை எடுத்து அந்தப் பழைய ரூட்டைக் காட்டினான்.

"ஓட்டிப் பதிஞ்ச கோடு எப்பவும் நடுங்கும் பாப்பா. குழிய விட்டு விலகினது, மூச்சு வாங்கி நின்னது... எல்லாம் அதுல தெரியும். இப்ப கடைசி மூணு கிலோமீட்டரைப் பாரு."

வழவழவென்று ஓடியது கோடு. எங்கேயும் ஒரு நடுக்கம் இல்லை.

"கையால போட்டதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சேவா போனே?"

"யாருமே ஓட்டாத வழி. முதல் ஆளா நான் ஓட்டிக் காட்டணும்னு திமிரு." அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். "நீயும் அம்மாவும் எவனோ முகம் தெரியாதவனைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு. அப்புறம் மனசு கேக்கல. அவனுக்குப் பேர் போடாம எழுதினது நான்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அவன் மேல தப்பில்லன்னு சொல்லல. பாதி அவனோடது, பாதி என்னோடது. உன்னோடது ஒண்ணுமே இல்ல. நீ எதுக்கு மழையில கேன் வெச்சுக் காவல் நிக்கிறே?"

மறுநாள் ஞாயிறு. தூறலில் கேன்களைத் தாண்டி, அண்ணன் விழுந்த நாளிலிருந்து கால் வைக்காத அந்தப் பாதையில் நடந்தாள். குவாரி விளிம்புக்கு நூறு அடி முன்னால் மரக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. கடைசிக் கம்பத்தைக் கல்லால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். இளைத்திருந்தான்.

"இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"அதான்... அந்தப் பக்கமா மலையைச் சுத்தி வந்தேன்."

"எத்தனை வாரமா?"

"சொன்னதுலேருந்து. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்து, முழு வழியும் பதிஞ்சுட்டேன். கோடு இந்தக் கம்பத்தோட நின்னுடும். யாரும் இனிமே..." கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்களை முதல் நாளே பிடிச்சுப்போச்சுங்க. கேன்ல மோதி விழுந்தேனே, அப்பவே. ஆனா அதைச் சொல்ற தகுதி எனக்கில்ல."

மழை கண்ணில் வழிந்தது. துடைத்தாள். துடைத்தது மழையை மட்டுமல்ல.

"எங்க அண்ணன் கால் இனிமே வராது. அதை நான் எந்தக் காலத்திலயும் மறக்கமாட்டேன்."

"மறக்க வேணாம்."

"ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு கிளாஸ் டீ போடறேன். அஞ்சு வாரமா ஒண்ணு அப்படியே ஆறிப்போகுது. உங்களை வெறுக்கணும்னு எவ்வளவோ பாத்தேன்... முடியல. பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் கையிலிருந்த கல் நழுவி விழுந்தது.

"என்கிட்ட சொன்னதை எங்க வீட்டுல வந்து சொல்லணும். இன்னிக்கே. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வாங்க. எங்கம்மா அதையும் பாக்கட்டும்."

"திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க. அழுவாங்க. கதவைச் சாத்தினாலும் சாத்துவாங்க. நான் பக்கத்துல நிப்பேன்."

இருவரும் சேற்றில் வழுக்கி வழுக்கித் திரும்பி நடந்தார்கள். கேன்கள் இருந்த இடம் வந்ததும் அவளே நடுக் கேனை நகர்த்தி அவன் சைக்கிளுக்கு வழி விட்டாள்.

கதவைத் திறந்த அம்மா முதலில் பார்த்தது சைக்கிளைத்தான். முகம் கல்லாகிவிட்டது. அவன் தொண்டையைச் செருமினான். அவள் ஒரு அடி நகர்ந்து, சேறு படிந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.