சைக்கிள் தளத்தில் ஒரு கால்படி

சோளகக் காற்று வீசும் மாதங்களில் எத்தாளை ஊரே பாதித் தூக்கத்தில்தான் நடமாடும். களப்புத் தண்ணீரைப் பார்த்த வீட்டு விறாந்தையில் மஹ்ரூப்பும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கம்பனிகளின் இணையத்தளங்களைப் பார்த்து, எது நல்லது, எது சொதப்பல் என்று சொல்வது அவர் தொழில். துப்பறிவாளர் என்ற பட்டம் மனைவி கமீலா கொடுத்தது. ஊரில் யாருடைய கோழி காணாமல்போனாலும் அவள் வழக்கோடு வந்து நிற்பாள்.

"எழும்புங்க. நுரைச்சோலை ரிஃப்கா வந்திரிக்கா. அழுறா."

கண்டக்குழியில் உம்மு குல்சூம் சொந்தமாகச் சைக்கிள் செய்து விற்கிறார். அதற்கொரு தளம் வேண்டுமென்று இரண்டு பேரிடம் கேட்டிருந்தார். தமிழில் செய்தவள் ரிஃப்கா. ஆங்கிலத்தில் செய்தவர், கொழும்பில் படித்துவிட்டு வந்த ஃபஸ்லான். வந்த இரண்டும் ஒன்றையொன்று உரித்து வைத்திருந்தன.

"ஃபஸ்லான் நானா சும்மா பார்க்கக் கேட்டாரு. பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தன்," என்றாள் ரிஃப்கா. "அவர் தன்டத முதல்ல இணையத்துல போட்டுட்டு, நான்தான் அவர்ட இங்கிலீச மொழிபெயர்த்த எண்டு சொல்லிட்டாரு. நான்தான் முதல்ல செஞ்ச எண்டு காட்ட, என்ட லெப்டொப்பும் உப்புக் காத்துல பழுதாப் போச்சி. உம்மு குல்சூம் ராத்தா வீட்ட வந்து, உம்மாக்கு முன்னால என்னக் கள்ளி எண்டுட்டா. இனி ஆர் எனக்கு வேல தருவாங்க?"

அவள் கண்ணீரைப் பார்க்க மஹ்ரூப்புக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தளங்களையும் திறந்தார். வெளியே வெள்ளை வெயிலில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின.

"ரிஃப்காட தளத்துல விலை முகப்புலயே இரிக்கி, நல்லம். படங்கள் கனம், திறக்கச் சுணங்குது. ஃபஸ்லான்ட டக்கெண்டு திறக்குது."

"இதென்ன?" கமீலா ஆங்கிலத் தளத்தின் பெரிய பொத்தானைக் காட்டினாள். 'அளவை' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல், பக்கத்தில் அரிசி அளக்கும் படியின் சின்னப் படம். "ஆள்ட உயரத்தை அளக்கவா?"

மஹ்ரூப் அழுத்தினார். சைக்கிளை ஓடிப் பார்க்க நேரம் பதியும் பக்கம் வந்தது. ரிஃப்காவின் தளத்தில் அதே இடத்திலிருந்த பொத்தானை ஒருதரம் வாசித்தார். தூக்கம் போய்விட்டது.

"மகள், உங்கட உம்மா எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம். தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள வெளியேத்தினப்ப வந்தவங்க."

மறுநாள் காலை உம்மு குல்சூமின் கண்டக்குழிக் கடையில் எல்லோரும் கூடினார்கள். மஹ்ரூப் ரிஃப்காவின் தளத்தை ஃபஸ்லானிடம் நீட்டினார்.

"தம்பி, இந்தப் பொத்தான வாசிங்க."

ஃபஸ்லான் தமிழ் மழைபோலக் கதைப்பார். இப்போது திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்க ஏலா," என்றார் கடைசியில்.

"அதுல 'உழக்கு' எண்டு இரிக்கி. யாழ்ப்பாணத்து ஆக்கள் சைக்கிள் மிதிக்கிறத உழக்கிற எண்டுதான் சொல்லுவாங்க. அகராதில அதுக்கு இன்னொரு பொருள் இரிக்கி, கால்படி. நீங்க மொழிபெயர்க்கிற மெஷின்ல போட்டீங்க. மெஷின் அளவையெண்டு தந்தது. நீங்க படிப் படமும் கீறிட்டீங்க. இங்கிலீசுதான் முதல் எண்டா, சைக்கிள் விக்கிற இடத்துக்கு அரிசி அளக்கிற படி எங்கால வந்த?"

கமீலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஃபஸ்லான் தலையைக் குனிந்துகொண்டு, "பிழைதான்," என்றார்.

உம்மு குல்சூம் எழுந்து ரிஃப்காவின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிக்க தங்கச்சி. வேல உனக்குத்தான்."

ரிஃப்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேல பொறகு, ராத்தா. உம்மா மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல்ல."

உம்மு குல்சூம் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ரிஃப்காவின் உம்மாவிடம் போக நுரைச்சோலை பஸ்ஸைப் பிடிக்க முன்னால் நடந்தார்.