சாட்சி உடம்பு

சிகிச்சைத் தேர்வகத்துக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். நிகிலன் முதல் நாள் அதைப் பொருட்படுத்தாமல் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், பிற்பாடு நொந்துகொண்டார். அங்கே சாய்வு நாற்காலி ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாந்தியெடுக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே உணர்கவசம் தொங்கும். அரசாங்கம் வைத்த பெயர் அது. ஜனங்களுக்கு அது ஹெல்மெட்தான். ஒருவர் கழற்றியதும் உதவியாளர் உள்ளே மருந்தைப் பீய்ச்சித் துடைத்துவிட்டு அடுத்தவர் தலையில் மாட்டுவார். எவ்வளவு துடைத்தாலும் முந்தைய ஆளின் தலையெண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை போகாது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிகிலன் தலையைக் கொடுத்தார்.

கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, உடனே எதுவும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த காலம் இந்தக் கோடையோடு முடிந்தது. கட்டி வளர ஆரம்பித்திருந்தது. இனி ஒன்று அறுவைச் சிகிச்சை, அல்லது கதிர்வீச்சு. எது என்பதையும், யார் கையால் என்பதையும் அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

முன்பெல்லாம் டாக்டர் எதிரில் உட்காரவைத்து நூற்றுக்கு இத்தனை பேருக்கு இப்படி ஆகும் என்று சொல்வாராம். நோயாளி தலையாட்டிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு, இப்படி ஆகும் என்று யாருமே சொல்லவில்லையே என்று அழுவானாம். வழக்குகள் குவிந்தன. அதற்கு முடிவுகட்ட வந்தது முன்னுணர்வுச் சட்டம். ஒரு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைச் செய்துகொண்ட ஒருவரின் உடம்புக்குள் சிறிது நேரம் வாழ்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பதிவான வாழ்க்கைக்குத் தடம் என்று பெயர். பதிவு தந்தவர் சாட்சி. டாக்டர்களின் பட்டங்களோ அனுபவமோ எங்கும் எழுதப்படுவதில்லை. அவர்களுடைய சாட்சிகளின் தடங்கள்தான் அவர்களுக்கு விலாசம்.

முதலில் கதிர்வீச்சின் தடம். பேருந்து நிலையத்தில், அடிவயிறு எரிய, கழிப்பறைக் கதவை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குள் நிகிலன் இருந்தார். உள்ளே இருந்தவன் வரவில்லை. அந்த மனிதர் கால்களை இறுக்கியதும், முடியாமல் போனதும், வெதுவெதுப்பாகத் தொடையில் இறங்கியதும் எல்லாம் நிகிலனுக்கும் ஆயிற்று. ஹெல்மெட்டைப் பிடுங்கியெடுத்துவிட்டுத் தொட்டியைத் தேடினார். கதிர்வீச்சிலேயே இன்னொரு தடமும் காட்டினார்கள். அந்த சாட்சிக்குக் கொஞ்சம் அசதி தவிர ஒன்றுமே இல்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இரண்டில் எது தனக்கு வரும் என்று எந்தத் தடமும் சொல்லவில்லை.

"பிடிச்ச மாதிரி கிடைக்கற வரைக்கும் பாக்கலாம் சார்," என்றாள் இளவெயினி. அவள் தேர்வுத் துணையாளர். நோயாளிக்குத் தடங்களை எடுத்துக் கொடுப்பவள். "டாக்டர் ரித்விக்கோட அறுவைச் சிகிச்சைத் தடம் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

அது ஒரு மதிய வேளையின் தடம். ஏதோ ஒரு வீட்டின் படுக்கையறை. அறுவை முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அந்த மனிதர் மனைவியோடு சேர முயன்று, முடியாமல் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அவருடைய கூச்சம் சூடாக நிகிலனின் காது வரை ஏறியது. பிறகு பின்னாலிருந்து ஒரு கை வந்து தலையைக் கோதியது. "விடுங்க," என்றாள் அந்தப் பெண். "நான் என்ன புதுப்பொண்ணா? நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்." அவர் திரும்பினார். அவள் முகம் மிக அருகில் இருந்தது. புருவத்தின் மேல் சின்னத் தழும்பு. அவள் கழுத்தில் முகம் புதைத்து அவர் அழுதார். அவள் மேல் அவருக்கு இருந்த பிரியம் முழுவதும், முன்பின் தெரியாத நிகிலனின் நெஞ்சில் வந்து இறங்கியது.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவருக்கு வாந்தி வரவில்லை. கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். சிகிச்சை எடுத்துக்கறவங்க எல்லாரும் ஒரு வருஷம் சாட்சியா இருக்கணும். வீட்ல இருக்கறவங்களும் சம்மதிக்கணும். நீங்களுந்தான்."

"முகத்தை மறைச்சுட முடியாதா?"

"முயற்சி பண்ணினாங்க. முகத்தை மறைச்சா சாட்சியோட உணர்ச்சியும் மங்கிடுது. அப்புறம் தடத்தால பிரயோசனம் இல்ல." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இது ரொம்ப நல்ல தடம் சார். இந்த ஊர்ல உங்க வயசுக்காரங்க பெரும்பாலும் பாத்திருப்பாங்க."

வீட்டில் மிருதுளா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தொட்டபோது இன்னொருத்தியின் தழும்பு கண்ணுக்குள் வந்து நின்றது. நிகிலன் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அவர் தடத்தில் கண்ட அந்தப் பெண்ணை நேரில் பார்த்தார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டார். மற்றவர் திருப்பவில்லை, அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு, தனக்குள் எதையோ சுவைப்பது போல உதட்டை நனைத்தார். தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று நிகிலனுக்கு உடம்பு கூசியது.

அவள் பையை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். "நீங்களும் பாத்துட்டீங்களாக்கு?"

"மன்னிச்சுக்குங்க அம்மிணி."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, சட்டம். பாத்தவங்க கண்ணு ஒண்ணு தரையில இருக்கும், இல்லீன்னா என்மேல இருக்கும். உங்குளுது தரையில இருந்துச்சு. அதுதான் பேசலாம்னு வந்தேன்."

"அவரு நல்லா இருக்காருங்களா?"

"நோயில்லீங்க. நல்லா நடக்கறாரு, சாப்படறாரு." அவள் கத்தரிக்காய்ப் பையைக் கை மாற்றினாள். "அன்னிக்கு ஒருநா அவரு அழுவுறதப் பாத்துப் பொறுக்காம வாய் தவறிப் பேசிட்டேன். அதுக்கப்புறம் பேசலீங்க. ஊரே கேக்குதுன்னா என்ன பேசறது? வருசம் முடிஞ்சு அவரு காதுக்குப் பின்னால ஒட்டியிருந்ததைக் கழட்டுனாங்க. ஆனா பேச்சு வரலீங்க. ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு."

நிகிலனுக்கு வெட்கமாக இருந்தும் கேட்டுவிட்டார். "டாக்டர் எப்படிங்க?"

"அந்த டாக்டரு நல்லவருங்க. இது போகும், இது திரும்பி வரலாம், வராமயும் போகலாம்னு கத்தி வெக்கறதுக்கு முன்னாலயே உக்காந்து சொன்னாரு. அப்புறம் ஒருநா காச்சல் வந்தப்ப போன் பண்ணுனா அவரே எடுத்தாரு. இதை யாராச்சும் எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அதுக்கு எதுக்குங்க எங்க படுக்கையறை?"

தேர்வகத்தில் அத்தனை நாள் உட்கார்ந்தும் கிடைக்காத பதில் கத்தரிக்காய்க் கடை முன்னால் கிடைத்தது. டாக்டர் ரித்விக்கிடமே போவதென்று நிகிலன் அங்கேயே முடிவு செய்தார். வீட்டுக்கு வந்து மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மதிய வேளையைக்கூட மறைக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க உசுருக்காகக் கையெழுத்துப் போடறேன் மாமா," என்றாள். "ஆனா அந்த வருசம் என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. என் கை படறதும் அவனுங்களுக்குக் கெடையாது. என்ன சொல்லணுமோ அதை இப்பவே சொல்லிக்கறேன்." சொன்னாள். அது அவர்களோடு இருக்கட்டும்.

அறுவை நன்றாகவே நடந்தது. நோய் சுரப்பியின் விளிம்பைத் தாண்டவில்லை என்றார் ரித்விக். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில், தடம் பதியும் ஒரு பதிவியை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயை எடுத்த பிறகு சிறுநீர் நிற்கவில்லை. எழுந்தால் கசிந்தது, இருமினால் கசிந்தது. மெத்தையில், சட்டையில், தலையணையில்கூட மூத்திர வாடை. அதைத் துடைக்க மிருதுளா வந்தபோது முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டிருந்தாள். முகத்தை அவர் பார்வைக்குக் கொடுக்காமல் முதுகுப்புறமாகவே நின்றாள். அவரும் அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கண்ணைத் தாழ்த்தியே வைத்திருந்தார்.

அந்த ரப்பர் விரல்கள் ஜில்லென்று, பிசுபிசுப்பாக, செத்த மீனைப் போல இடுப்பில் ஊர்ந்தன. ஒவ்வொரு முறையும் நிகிலனின் தோல் சுருங்கியது. எத்தனை முயன்றாலும் அதை அடக்க முடியவில்லை.

ஒருநாள் அவள் அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது இளவெயினி போனில் கூப்பிட்டாள். எழ முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார். "சார், உங்க தடத்துல ஒரு விசயம். உங்க மிஸஸ் தொடறப்பல்லாம் அருவருப்புன்னு பதிவாகுது. ரொம்ப அழுத்தமாவே வருது. குறிப்புல அப்படியே போட்டுடலாமா?"

அறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. உன்மேல் இல்லை மிருது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் அதையும் கேட்பார்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு நிகிலன் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருதுளா வாளியைக் கீழே வைத்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து குனிந்து, அவர் கண்ணுக்குள் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் தடம் பார்க்க வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பது போலிருந்தது.

"ஏனுங்க, அந்த அருவருப்பு எம்மேல இல்லீங்க," என்றாள் நிதானமாக. "உங்கமேல. அடுத்தவன் கட்டில்ல வந்து குந்தியிருக்கீங்க பாருங்க, அதுமேல. டாக்டரப் பத்தித் தெரியணும்னா வீட்டுக்கு வாங்க, வாசல்ல நின்னு கேளுங்க, சொல்றேன். இப்ப எந்திரிச்சுப் போங்க."

நிகிலன் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த ஆண்டில் முதல்முறையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். மூக்கு சுளிந்து, உதடு கோணி, அவள் முகம் முழுக்க வெறுப்பு நிரம்பி நின்றது. வரப்போகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.