ஏழாம் வாய்ப்பாடு

"அய்யோ... நிக்கவே மாட்டேங்குதே!"

எழிலரசி பதறினாள். சிதம்பரம் கீழவீதிக் கம்ப்யூட்டர் சென்டரில் அன்று சி லாங்குவேஜ் வகுப்பு. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் போட்டு ஏழாம் வாய்ப்பாட்டை வரவழைக்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். அவள் திரையிலோ ஓரேழு ஏழு என்ற ஒரே வரி... ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. பட்டென்று சுவிட்சை அமுக்கியது. திரை கறுத்துப்போனது.

"யாருங்க ஒங்கள அமுக்கச் சொன்னது? சேவ் கூட பண்ணலீங்க நான்!"

"வெள்ளாத்துல வெள்ளம் வந்த மாதிரி ஓடுச்சு... பயந்துட்டேங்க. ஐ பிளஸ் பிளஸ் போட மறந்துட்டீங்க. எண்ணு ஏறவே இல்லன்னா எப்ப பத்துக்கு வரும், எப்ப நிக்கும்?"

சரியாகத்தான் சொன்னான். அதில்தான் அவளுக்கு இன்னும் கோபம். வெடுக்கென்று நிமிர்ந்தாள்... மழையில் நனைந்த சட்டை. கேலியே இல்லாத கண்கள். திட்டு வாங்கத் தயாராக விழித்துக்கொண்டிருந்தான்.

பெயர் சேரன். குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவன். அவள் புரோகிராம் முழுவதையும் அவனே திரும்ப அடித்துக் கொடுத்தான்.

அதன்பிறகு இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். லூப்புக்குள் லூப் வைத்து நட்சத்திரங்களை முக்கோணமாக அடுக்கிய அன்று சொன்னான்.

"உள் லூப்பு முழுசா முடிஞ்சாத்தான் வெளி லூப்பு ஒரு அடி நகரும்."

"பாவம்... அதுக்கு ரொம்பத்தான் பொறும."

"எனக்கும்தாங்க..."

அவள் கீபோர்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

கோர்ஸ் முடிந்த நாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டான்.

"ஒங்க வீட்ல வந்து பேசட்டுமா, எழில்?"

நெஞ்சு துள்ளியது. ஆனால் மேலே தோழிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமா, திமிரா... "மொதல்ல ஒரு வேலையத் தேடுங்க. அப்பறம் பொண்ணு கேக்கலாம்!" என்றுவிட்டாள்.

மேலே கொல்லென்று சிரிப்பு. அவன் முகம் சுண்டிப்போனது. இறங்கிப் போனான்.

விளையாட்டுக்குத்தானே... நாளைக்கே வருவான் என்றிருந்தாள். வரவில்லை. அவன் நம்பர் கையில் இருந்தது. நானா கூப்பிடுவேன் என்ற வீம்பில் இருந்துவிட்டாள். வீட்டில் பார்த்த வரன்களை மட்டும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கொண்டே வந்தாள்.

வருஷங்கள் ஓடின. 2011. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் விட்டு வந்தவள், திடீர் மழைக்கு ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினாள். பக்கத்தில் தலையைத் துவட்டியபடி... சேரன்!

"நல்லாருக்கீங்களா?" அவன்தான் முதலில் கேட்டான். "இங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சாரா இருக்கேன். போன தையில கல்யாணம் ஆச்சு."

அவள் மழையையே பார்த்தாள்.

"அன்னிக்கி நான்... வேணாம்னு சொல்லலீங்க."

அவன் துவட்டுவதை நிறுத்தினான்.

"வேல கெடச்சதும் ஒங்க ஊரு புவனகிரிக்கு வந்தேன், எழில். பாலத்து மேல நின்னேன். ஆர்டரக் காட்டிப் பொண்ணு கேக்க வந்துட்டான்னு மறுபடியும் சிரிப்பீங்களோன்னு... திரும்பிட்டேன்."

பாலத்திலிருந்து அவள் வீடு கூப்பிடு தூரம்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே நீங்க..." என்றான்.

"பண்ணியிருக்கணும்," என்றாள் எழிலரசி. "எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க. கேட்ட அன்னிக்கே, அந்தப் படியிலயே, சொல்லியிருக்கணும்."

சேரன் தலை குனிந்தான்.

"இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம், எழில்..." என்றான் மெல்ல.