மாற்றாள்

கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மழை பெய்து நாளாகிவிட்டது, மடைக்கதவும் அடைத்துக் கிடந்தது, கடலோ தென்னந்தோட்டத்துக்கு அப்பால் எங்கோ இருந்தது. இருந்தும் புதிதாக வெட்டிய அந்தக் கால்வாயில் கடுங்காப்பி நிறத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் மேலே வருவதை வாலண்டைன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று பார்த்தான். குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

அவன் கிள்ளானிலிருந்து காப்பார் தோட்டத்துக்கு வந்தது மச்சானைத் தேடி. மனைவி மகதலேனாவின் அண்ணன் லியனார்ட், சில மாதம் முன்புதான் ரயில்வே வேலையை விட்டுவிட்டு இந்தத் தோட்டத்தில் கால்வாய் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான். மழையோ வெயிலோ, கிள்ளான் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் நின்று ராகம் தப்பிப் பாடுகிறவன், இன்று வரவில்லை.

"எங்க அண்ணன் பூசைக்கு வரலன்னா ஒண்ணு காய்ச்சலு, இல்லன்னா கல்யாணம். எதுன்னு பாத்துட்டு வாங்க," என்று மகதலேனா விரட்டிவிட்டாள். "இருட்டறதுக்குள்ள வீடு வந்து சேரணும், ஆமா."

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளின் பேச்சைத் தட்ட முடியுமா? சேர்ந்துவிடுகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமையானதால் வேலையாட்கள் யாரும் இல்லை. கால்வாய் முடிகிற இடத்தில், வெட்டி நிறுத்திய மண்சுவரிலிருந்து கறுத்த பலகைகள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதலில் பழைய பாலம் என்று நினைத்தான். கிட்டே போனபோதுதான் அது ஒரு கப்பலின் விலா என்று புரிந்தது. கடல் எட்டாத மண்ணுக்குள் ஒரு முழுக் கப்பல். இத்தனை காலம் புதைந்து கிடந்த மரத்தில், நேற்றுத்தான் பூசியது போல் தார் மணத்தது.

பலகை உடைந்த ஓட்டைக்குள் லியனார்ட் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பித்தளை விளக்கு எரிந்தது.

"என்ன மச்சான், பட்டப்பகல்ல வெளக்கு?" என்று வாலண்டைன் சிரித்தான்.

லியனார்ட் சிரிக்கவில்லை. "வந்துட்டியா மாப்ள," என்றான். "நீ வருவன்னு எனக்குத் தெரியும்."

ஓட்டையிலிருந்து வெறுங்கால் தடங்கள் சேற்றில் இறங்கியிருந்தன. சில அடி தள்ளி அவை நின்றுவிட்டன. திரும்பிப்போன தடமும் இல்லை. லியனார்டின் காலிலோ பூட்ஸ் இருந்தது. வாலண்டைன் அதைக் கேட்க நினைத்தான், அதற்குள் மச்சான் பேச ஆரம்பித்துவிட்டான்.

"பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரங்க சொன்னது நெசம்தான். நம்ம நாகப்பட்டணத்துக் கப்பலு இது. அப்பல்லாம் இங்க கடலு. தங்கத்த ஏத்திக்கிட்டு வந்து சேத்துல மாட்டிக்கிச்சு. அல திரும்பறதுக்குள்ள வந்துடறோம்னு ஒருத்தனக் காவலுக்கு நிறுத்திட்டு, மத்தவனுங்க போயிட்டானுங்க."

"வந்தானுங்களா?"

"உள்ள ஏறிப் பாரு."

வாலண்டைன் ஏறினான். வாய் உடைந்த ஜாடிகள் இருட்டுக்குள் வரிசை வரிசையாகப் போயின. விளக்கொளி பட்ட இடமெல்லாம் தங்கக் காசுகள் மஞ்சளாக மின்னின.

"கூலி லயத்துக்குப் போயி சாக்கு எடுத்தாரேன்," என்றான் லியனார்ட். "அது வரைக்கும் ஒரு ஆளு இங்க நிக்கணும்." விளக்கை நீட்டினான். அவன் நகங்கள் உடைந்து ரத்தம் கட்டியிருந்தன.

கிள்ளானில் இருவரும் மாறி மாறிக் காவல் இருந்த ரயில்வே கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றாள் வந்து விளக்கைக் கையில் வாங்காமல் காவல்காரன் நகரக்கூடாது. கொடுப்பவன் 'இனி உன் பொறுப்பு' என்பான், வாங்குபவன் 'என் பொறுப்பு' என்பான். கேட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்ததால் மகதலேனாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. வேலை முடிந்து வரும் புருஷனிடம் தூக்குச்சட்டியை வாங்கும்போதெல்லாம் 'என் பொறுப்பு' என்று கேலி செய்வாள். வாலண்டைனைத் தூக்கத்தில் எழுப்பி விளக்கை நீட்டினாலும் வாய் தானாக அதைச் சொல்லும். இது லியனார்டைவிட நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"இனி ஒன் பொறுப்பு," என்றான் லியனார்ட்.

"என் பொறுப்பு," என்று வாலண்டைன் வாங்கிக்கொண்டான்.

லியனார்ட் வெளியே குதித்தான். சேற்றில் மண்டியிட்டு, சிறுபிள்ளை மாதிரி ஒருமுறை விம்மினான். பிறகு எழுந்து, வாலண்டைனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். லயத்துப் பக்கம் போகவில்லை. கிள்ளான் ரோட்டுப் பக்கம் போனான்.

குறுக்கு வழியாக இருக்கும் என்று வாலண்டைன் நினைத்துக்கொண்டான். மச்சான் மேல் சந்தேகப்பட அவனுக்குப் பழக்கமில்லை. வாலண்டைன் மலேரியாவில் விழுந்து கிடந்தபோது இரண்டு பேர் காவலையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவன் லியனார்ட். தங்கையைக் கையில் பிடித்துக் கொடுத்தவன்.

தென்னை ஓலைகளின் நிழல் கால்வாயைத் தாண்டி நீண்டது. கப்பலின் உள்ளே, ஜாடிகளுக்குப் பின்னால், மரம் மெதுவாக முனகியது, கட்டிய கயிறு இழுபடும்போது முனகுவது போல. காற்று வீசியும் சுடர் அசையவில்லை. கை வலித்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுருட்டுப் பற்றவைக்கலாம் என்று குனிந்தான்.

விரல்கள் விரியவில்லை.

இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. வெளியே குதிக்கக் காலைத் தூக்கினான். கால் எழவில்லை. ஓட்டையின் ஓரத்துப் பலகையில், கை எட்டுகிற தூரம் வரைக்கும், புதிதாக நகத்தால் பிறாண்டிய கோடுகள். சில இடத்தில் ரத்தம்.

பக்கத்துத் தூணில் ஒரு பள்ளம் இருந்தது. வழவழவென்று தேய்ந்த பள்ளம். நெடுங்காலம் ஒரே இடத்தில் ஒருவன் தோளைச் சாய்த்து நின்றால் விழுகிற பள்ளம். அவன் தோள் அதில் போய்ப் பொருந்தியது.

அப்போதுதான் புரிந்தது. சாக்கு எடுக்கப் போனவன் ஒரு காசைக்கூடத் தொடவில்லை.

"மச்சான்!" என்று கத்தினான். "டேய் லியனார்ட்! பாவி!" தொண்டை கிழிந்தது. மாட்டிக்கொண்டதைவிட இதுதான் வலித்தது, மச்சான் தன் பழக்கத்தையே தூண்டிலாக்கிவிட்டான் என்பது. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இருட்டியது. தண்ணீர் ஏறியது. முழங்கால். இடுப்பு. மார்பு. உப்புத் தண்ணீர் உதட்டைத் தொட்டபோது வாலண்டைன் மாதாவை வேண்டி அருள் நிறை மந்திரத்தைத் தொடங்கினான். பாதியில் வாய் நிரம்பியது. தலைக்கு மேல் மூடியது.

அவன் சாகவில்லை.

கண் திறந்திருந்தது. தண்ணீருக்குள் விளக்கு எரிந்தது. மூச்சு இல்லை. மூச்சு தேவைப்படவும் இல்லை.

தண்ணீர் இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. காண்ட்ராக்டர் இல்லாத கால்வாய்க்கு வேலையாட்கள் யாரும் வரவில்லை.

"என்னங்க?"

சாயங்கால வெயில். கரைமேல் மகதலேனா. ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கை வயிற்றில்.

"அண்ணன் ஒண்ணுஞ் சொல்லாம அழுவுதுங்க. அடிச்சுக் கேட்டப்புறந்தான் எடத்தச் சொல்லுச்சு. போவாத, போவாதன்னு என் காலப் புடிச்சிச்சு. நான் கேப்பனா?"

போய்விடு என்று கத்த வாலண்டைன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து தண்ணீர்தான் கொட்டியது. கறுப்புத் தண்ணீர். அவள் அழுதுகொண்டே சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள்.

"ஐயோ, இப்படி நனஞ்சு கெடக்கீங்களே! குடுங்க அந்த வெளக்க."

தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, பலகையைப் பிடித்து ஓட்டைக்குள் ஏறினாள்.

அவன் கை நீண்டது. அவன் நீட்டவில்லை. பல்லைக் கடித்துப் பின்னால் இழுத்தான். நீண்டது. தோள் தூணை விட்டு விலகியது. ஒரு கால் லேசாகியது. அந்த ஒரு கணம், ஐயோ, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இனி," என்றது அவன் வாய். "இனி ஒன் பொறுப்பு."

விளக்கின் வளையத்தில் அவள் விரல்கள் மூடின. பழகிய வார்த்தையைக் கேட்டதும், அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தாள்.