பிரேக்கை மிதித்த கால்

போன் அலறியது.

விடுமுறை நாள். காலை பதினொன்றேகால். தன் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"மேடம், பத்தரைக்கு ஒரு பெரியவர் மாடிப்படியில உருண்டுட்டார்," என்றார் ஏட்டு. "தள்ளாதேன்னு அவர் கத்தினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு."

"உயிர்?"

"ஊசலாடுது..."

முதலில் ஆஸ்பத்திரி. ஆறடிக்கும் மேல் இருந்தார் பெரியவர். பாதம் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்திருந்த வெள்ளைச் சட்டையை இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்து வீடு.

"வீடு பெரியவருது," ஏட்டு காதைக் கடித்தார். "இன்னைக்கு மூணு மணிக்கு வக்கீலைப் பார்த்து, வீட்டை அநாதை இல்லத்துக்கு எழுதிக் கொடுக்க இருந்தாராம். கூட இருக்கிறது தம்பி மகனும் அவன் பெண்டாட்டியும்தான்."

கார் ஷெட்டில் தம்பி மகன் நின்றிருந்தான். குள்ளமான ஆள். முழங்கை வரை பிரேக் ஆயில். கையிலிருந்த போனிலும் அதே பிசுக்கு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னை வளர்த்ததே பெரியப்பாதான் மேடம். விழுந்து கிடந்தவரைத் தொடக்கூட பயந்து போன்தான் பண்ணேன்."

"பத்தரைக்கு எங்கே இருந்தீங்க?"

"காருக்குக் கீழே. பிரேக் ஆயில் மாத்தினேன்."

"அதுக்கு ரெண்டு பேர் வேணுமே. கீழே ஒருத்தர் நட்டைத் திறக்கணும், உள்ளே ஒருத்தர் பெடலை மிதிக்கணும்."

"நான்தான் மிதிச்சேன்," பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டாள். "ஒன்பதரையிலிருந்து ரெண்டு பேரும் இங்கேதான்."

ஏட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் சுற்றி வந்தார். பாட்டிலில் கறுத்த பழைய ஆயில். டப்பாவில் தேன் நிறத்தில் புதுசு. வேலை நடந்தது நிஜம்தான்.

"முடிச்சப்புறம் சீட்டை நகர்த்தினீங்களா?"

"இல்ல மேடம்," என்றான்.

"ஏறி மிதிச்சுக் காட்டும்மா."

ஏறினாள். காலை நீட்டினாள். இன்னும் நீட்டினாள்...

பெடல் ஒரு சாண் தள்ளி இருந்தது!

"உங்க வீட்டுக்காரருக்கும் எட்டாது. இந்த வீட்டுல நீளமான கால் யாருக்கு?"

அவன் உடைந்துபோனான்.

"பெரியப்பாதான் மிதிச்சார். நாலு சக்கரமும் முடிஞ்சதும் தண்ணி குடிக்க மாடிக்குப் போனார். இவ தூங்கிட்டிருந்தாளாம். போலீஸ் நம்பாது, உங்க கூட இருந்தேன்னு சொல்லுங்கன்னு கெஞ்சினா..."

"பொய் சாட்சியா? கையை நீட்டுடா," ஏட்டு விலங்கோடு பாய்ந்தார்.

"விலங்கு அவருக்கு இல்ல ஏட்டு. அவர் தொட்ட போன் பூரா ஆயில். பெரியவர் சட்டை முதுகுல ஒரு பொட்டுகூட இல்ல. தள்ளினது சுத்தமான கை."

மனைவி தன் கைகளைப் பின்னால் மறைத்தாள்.

"பத்து வருஷம் பொங்கிப் போட்டேன்," என்றாள் மெதுவாக. "வீட்டை யாருக்கோ தூக்கிக் கொடுப்பாராம்."

கணவன் அவளைப் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏட்டின் போன் ஒலித்தது. கேட்டவர் முகம் மலர்ந்தது.

"மேடம், பெரியவர் கண்ணு முழிச்சிட்டார். பேசவும் செஞ்சுட்டார்."

"யார் தள்ளினதுன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் இல்ல. பின்பக்கம் இடது சக்கரத்து நட்டைப் பையன் இறுக்கினானான்னு கேட்டாராம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சொட்டு சொட்டாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்து ஒரு திருப்பு திருப்பினார்.

"இறுக்கியாச்சுன்னு சொல்லுங்க."

ஏட்டு மருமகளின் கையில் விலங்கைப் பூட்டினார்.

"இதையும் சேர்த்தே சொல்லிடறேன் மேடம்."