பெட்டோ அம்மாள் வீட்டுத் தாய்நாய்

நெஸ்டா ஹவெல்ஸ் உள்ளே வந்ததும் உட்காரவில்லை. "எனக்கு ஆறுதல் வேண்டாம், இட்ரிஸ். பழி வாங்கணும்," என்றாள்.

இட்ரிஸ் புரோபர்ட் போலீஸ் மோப்ப நாய்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அவசரம் என்பதே அறியாதவர். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அவருக்கு ஓல்வென் மனைவியாக வாய்த்திருந்தாள். "யாரைன்னு சொல்லு, இப்பவே கிளம்பலாம்," என்று அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பண்ணையில் நாய்க்குட்டி விற்கும் பெட்டோ அம்மாளிடம் நெஸ்டா வாங்கிய ஸ்பானியல் குட்டி, வீட்டுக்கு வந்த மறுநாளே ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. கேட்கப் போனால் பழி அவள் தலையிலேயே விழுந்தது. "ஊசி போடாத குட்டியைத் தெருவுல விட்டிருக்கா. அவளை நம்பி ஒரு பூனையைக்கூடக் கொடுக்கக் கூடாது," என்று பெட்டோ அம்மாள் டைவி ஆற்றங்கரை முழுக்கத் தமுக்கடித்தாள். ஊர் நம்பித் தொலையட்டும். கணவன் ஆலனும் நம்பினான். குட்டியைப் புதைத்த நாள் முதல் அவளோடு பேச்சில்லை. 

"தாயைப் பார்த்துத்தானே வாங்கினே?" என்றார் இட்ரிஸ்.

"பாக்காம வாங்குவேனா? கணப்புக்கிட்ட படுத்திருந்துச்சு."

"அதோட வயித்தைப் பார்த்தியா?"

நெஸ்டாவின் முகம் சிவந்தது. "டீ கொடுத்தாங்க இட்ரிஸ். ஒருத்தர் வீட்டு டீயைக் குடிச்சிட்டு, அவங்க நாயைப் புரட்டியா பாக்கிறது?"

"நீ பாக்க மாட்டேங்கிற தைரியத்துலதான் டீயே வந்திருக்கு," என்றார் அவர். பிறகு நாய் விற்பவர்களைக் கண்காணிக்கும் மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தார்.

சனிக்கிழமை, இட்ரிஸும் ஓல்வெனும் பின்னால் வர, மன்னிப்புக் கேட்க வந்தவள் போல நெஸ்டா தலைகுனிந்து பெட்டோ அம்மாளின் பண்ணைக்குள் நுழைந்தாள். குனிவதற்குள் உயிர் போயிற்று. முற்றத்துக் கொட்டகையில் ரேடியோ அலறியது. கொட்டகைக்கு வெளியே, பசுக்கள் மேய்ச்சலுக்குப் போகும் வாசலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

"பசுவுக்குப் பாட்டுன்னா உசிரு," என்று சிரித்தாள் பெட்டோ அம்மாள்.

உள்ளே ஒரு இளம் தம்பதி குட்டி வாங்க வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கணப்பருகே, நெஸ்டா அன்று பார்த்த அதே பெரிய நாய் தூங்கியது. "எல்லாம் இந்தச் சமையலறையில, இந்தச் செய்தித்தாள் மேல வளர்ந்த பிள்ளைங்க," என்றாள் பெட்டோ அம்மாள். அப்போது ஒரு குட்டி செய்தித்தாளை மிதித்துத் தாண்டி, விறகுக் கூடையில் கிடந்த வைக்கோலைத் தேடிப் போய் அதில் மூத்திரம் பெய்தது. தண்ணீர்க் கெட்டில் கூவியதும் குட்டிகளெல்லாம் நடுங்கி மூலைக்கு ஓடின. பெரிய நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

இட்ரிஸ் குனிந்து அதன் காதைச் சொறிந்தார். அது சுகமாக மல்லாந்தது.

"ஏங்க, அங்க பாருங்க!" என்று ஓல்வென் கத்தியேவிட்டாள்.

"பார்த்துட்டேன். எல்லாரும் பாருங்க," என்றார் இட்ரிஸ். "பால் கட்டின அடையாளமே இல்ல. கர்ப்பப்பை எடுத்த பழைய தழும்பு இருக்கு. இது யாருக்கும் தாயில்ல, வர்றவங்க கண்ணுக்குத்தான் தாய். நாய்க்குட்டி எதுமேல வளர்ந்ததோ அதைத்தான் தேடிப்போய் ஒண்ணுக்குப் போகும். இதுங்க வளர்ந்தது வைக்கோல்ல. தினமும் கேக்கிற கெட்டிலுக்கா இப்படி நடுங்கும்? பசு போகாத வாசல்லதான் புல் அப்படி வளரும். அப்புறம் ரேடியோ யாருக்கு? குரைப்பு வெளியே கேக்காம இருக்கத்தான்."

இளம் தம்பதி டீக்கோப்பையைக் கீழே வைத்தார்கள். எல்லாரும் முற்றத்துக்கு வர, வெளியே காத்திருந்த அதிகாரி கொட்டகையைத் திறந்தார். இருட்டில், ஈர வைக்கோலில், எலும்பும் தோலுமாக நிஜத் தாய்கள் கிடந்தன. ஒன்றின் அருகே நெஸ்டாவின் குட்டி செத்த அதே நோயில் இன்னும் இரண்டு குட்டிகள் முனகின.

பெட்டோ அம்மாள் நெஸ்டாவின் கையைப் பிடித்தாள். "ஊரறிஞ்சவ நான். கொஞ்சம் விட்டுக்கொடும்மா."

"ஊர் கிடக்கட்டும், முதல்ல என் வீட்டுக்காரருக்குத் தெரியட்டும்," என்றாள் நெஸ்டா. போனில் ஆலனைக் கூப்பிட்டு, அதைப் பெட்டோ அம்மாள் கையில் கொடுத்தாள். "இவங்க எல்லாருக்கும் கேக்கட்டும். சொல்லுங்க."

"குட்டி... என்கிட்ட இருந்தப்பவே நோய். உங்க மனைவி மேல தப்பில்ல. நான் சொன்னது பொய்."

நெஸ்டாவின் நெஞ்சு குளிர்ந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

 போனில் ஆலனின் குரல் உடைந்து வந்தது. "நெஸ்டா... பக்கத்துல இருக்காளா?"

பெட்டோ அம்மாள் அவளைப் பார்த்தாள். நெஸ்டா ஈர வைக்கோலில் மண்டியிட்டு, ஒரு தாய்நாயைக் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு சொல்லுங்க," என்றாள்.