அனுமதி உள்ள ஒரே பெயர்

மார்கழி மாதத்து ஓசூரில் பொழுது விடிந்துவிட்டது என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். காவேரிப்பட்டினத்தில் ஏறிய பஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் பாஸ்கரன் இறங்கியபோது சாலையில் லாரிகளின் விளக்குகள் தெரிந்தன, லாரிகள் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிற்சாலைக்கு விடுமுறை. வாட்ச்மேன் பரமசிவம் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி கேட்டைத் திறந்துவிட்டார்.

வேலை என்னவோ சின்னதுதான். ஆபீசில் புதிதாக வாங்கிய விண்டோஸ் கம்ப்யூட்டர். லாரிகள் வந்து திரும்புகிற பெரிய முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஸ்டோரில், பழைய யூனிக்ஸ் மெஷினும் ஒரு பெரிய பிரிண்டரும். ஆபீசில் பட்டனைத் தட்டினால், என்ன சரக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற சீட்டு ஸ்டோரில் அச்சாகி வர வேண்டும். கேபிள் இழுத்தாகிவிட்டது. ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாமல் இரண்டு மெஷினும் ஒரு வாரமாக முறுக்கிக்கொண்டு நின்றன. கன்னடத்தில் டீ சொல்லி, தெலுங்கில் சில்லறை வாங்கி, தமிழில் சண்டை போடுகிற ஊர் இது. இங்கே வந்தும் இந்த மெஷின்களுக்குப் புத்தி வரவில்லையே என்று பாஸ்கரனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்டோரைத் திறந்துவிட்டவள் சென்னம்மா. அங்கே கூட்டிப் பெருக்குகிறவள்.

"இன்னைக்கு ஓடிடுமா சார்?"

"ஓடணும். ஏன் கேக்கறீங்க?"

"ஓடலைன்னா நாளையிலிருந்து சீட்டை நான்தான் தூக்கிட்டு நடக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எங்க வூட்டுக்காரரு அந்த வேலைதான் பாத்தாரு. போன மார்கழியில, இதே பனியில, ரிவர்ஸ் எடுத்த லாரிக்காரனுக்கு ஆள் நடக்கறது தெரியல." அவள் முற்றத்தின் நடுவைக் காட்டினாள். "ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குது சார் எனக்கு."

புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. பாஸ்கரனும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மத்தியானம் வரை மல்லுக்கட்டினான். பனியும் விலகுவதாக இல்லை. கோளாறு கேபிளில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆபீஸ் பக்கமிருந்து யார் எதை அனுப்பினாலும், 'நீ யார்?' என்று யூனிக்ஸ் கேட்டது. தெரியாத பெயர் என்றால் அச்சடிக்க மறுத்தது. புதுப் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தான், எங்கேயோ இடித்தது. கடைசியில் பொறுமை போய், அந்த மெஷினில் அனுமதி உள்ள ஒரே பெயர் எது என்று தேடி எடுத்தான்.

திம்மப்பா.

யாரோ பழைய ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆபீசுக்கு வந்து விண்டோஸிலும் அதே பெயரைப் போட்டான். இன்டர்காமில் சென்னம்மாவைக் கூப்பிட்டு, பிரிண்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பட்டனைத் தட்டினான்.

வெளியே ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. சளக், சளக். படியிறங்கி முற்றத்துக்குள் போய்த் தேய்ந்தது. பரமசிவம்தான் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது.

"வந்துடுச்சு சார்."

"எழுத்து நல்லா விழுந்திருக்கா?"



"மெஷின் ஓடலையே சார். பேப்பர் மேஜை மேல இருக்குது. ஈரமா."

பாஸ்கரன் கதவைத் திறந்து பார்த்தான். யாருமில்லை. தூரத்தில் கேட் பக்கம் பரமசிவத்தின் இருமல் கேட்டது. திரும்பி வந்து, கதவைத் திறந்தபடியே விட்டு, இன்னொரு முறை தட்டினான்.

இந்த முறை சத்தம் வெளியே கிளம்பவில்லை.

அவன் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது.

சளக், சளக். வாசலைத் தாண்டிப் படியிறங்கியது. ஆள் இல்லை. நனைந்த காகித வாசனை மட்டும் அறைக்குள் நின்றது. இன்டர்காம் மறுபடி அடித்தது.

"சார்…" சென்னம்மா கிசுகிசுத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா முதல்ல வந்த பேப்பர்ல மேல பெருசா இருக்கற எழுத்து, எங்க வூட்டுக்காரரு கம்பெனி அட்டையில இருந்த எழுத்து சார். யாரு பேரைப் போட்டீங்க?"

அனுப்பியவர் பெயரை அந்த மெஷின் தலைப்பில் பெரிதாகப் போடும். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னான்.

"ஐயோ, எடுத்துடுங்க சார்! செத்த பின்னாலயும் அவரைப் பனியில நடக்க வைக்காதீங்க!"

ஆபீசிலிருந்தே கேபிள் வழியாக யூனிக்ஸுக்குள் நுழைந்து, அந்தப் பெயரை அழித்தான்.

செருப்புச் சத்தம் நின்றது.

ஸ்டோருக்கும் போகவில்லை. திரும்பியும் வரவில்லை. முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது.

"அங்கயே நின்னுட்டாரு சார்," என்றாள் சென்னம்மா. அவள் கையிலிருந்த இன்டர்காம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பாஸ்கரன் ஓடினான். எந்தப் பனிக்குள் அவள் நடக்கக் கூடாது என்று காலையிலிருந்து பாடுபட்டானோ, அதற்குள்ளேயே அவள் இறங்கியிருந்தாள். புருஷன் அடிபட்ட, சிமென்ட் புதிதாகப் பூசியிருந்த இடத்தில் நின்று, எதிரே வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரைச் சொல்லி அவள் வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"திம்மப்பா!"

அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவர்கள் வீட்டுக் கன்னடத்தில், போதும், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்றாள்.

சளக். சத்தம் திரும்பியது. இருவரையும் உரசுகிற மாதிரி கடந்து கேட் பக்கம் போய் மறைந்தது. சென்னம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு தன் பெயரையே போட்டுப் பார்த்தான். அதுவரை இடித்தது இப்போது இடிக்கவில்லை. ஸ்டோரில் பிரிண்டர் காது கிழியக் கத்தியது. அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தத்தை அவன் கேட்டதேயில்லை. சென்னம்மா இனி முற்றத்தில் நடக்க வேண்டியதில்லை.

பொங்கல் கழித்து வேறு வேலையாக அவன் வந்தபோது, சென்னம்மா ஸ்டோர் வாசலிலேயே காத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஈரமாக இருந்தது. தலைப்பில் பெரிதாக அதே பெயர்.

"வூட்டுக்குப் போன்னு சொன்னேனில்ல சார். வந்துட்டாரு."

பாஸ்கரன் காகிதத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தான்.

"தினமும் விடியக்காலைல வாசல்ல செருப்புச் சத்தம். கதவைத் திறந்தா இது கெடக்குது. இப்ப உள்ளயே நடக்கறாரு. புள்ளைங்க படுக்கற பாயைச் சுத்திச் சுத்தி நடக்கறாரு சார். அதுங்க தூங்கறதில்ல." அவள் கைகூப்பினாள். "அந்தப் பேரை மறுபடி மெஷின்ல போட்டுடுங்க. வேலைன்னு ஒண்ணு இருந்தா இங்கயாவது இருப்பாரு."

அவன் ஸ்டோர் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். செத்தவனை மறுபடி பனிக்குள் அனுப்புவது பாவம்தான். ஆனால் பிள்ளைகள்? பெயரைத் தட்டினான்.

மெஷின் ஏற்க மறுத்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது.

தன் கையால் அழித்த பெயர். மறுபடி தட்டினான். மறுபடியும் அதே பதில்.

"போட்டுட்டீங்களா சார்?" என்று பின்னால் நின்ற சென்னம்மா ஆவலாகக் கேட்டாள்.

அவன் பதில் சொல்வதற்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் சத்தம் கிளம்பியது.

சளக், சளக்.

அது முற்றத்துப் பக்கம் போகவில்லை. சென்னம்மா நின்றிருந்த இடத்துக்குப் போய், அவளோடு வீட்டுக்குக் கிளம்பக் காத்திருப்பது போல அவள் பக்கத்தில் நின்றது.